அந்தப் பித்தளை பேசின் எனக்கு வேண்டும்

நம் சபையின் சேகரக் கமிட்டிக்குப் புதிதாகத் தெரிந்தெடுக்கப்பட்டிருக்கும் அண்ணாச்சிமாருக்கும், தம்பிமாருக்கும், மூன்று அக்காமாருக்கும், போதகர் ஐயரவர்களுக்கும் கிறிஸ்துவுக்குள் தோத்திரம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆல்டருக்கு முன்னால் வரிசையாக நின்று நீங்கள் உறுதிமொழி எடுத்ததைப் பெண்கள் பக்கம் ஐந்தாவது பெஞ்சிலிருந்து பார்த்தேன். வருகிற ஞாயிறு முதல் கூட்டம் என்று அறிவிப்பில் வாசித்தார்கள். பொருள் நிரல் என்ன என்பது ஊருக்கே தெரியும். கோபுர வேலை, கோயிலுக்கு ஏசி, பிரதிஷ்டைப் பண்டிகை அசன விருந்துக்கு எத்தனை ஆடு, கடைசியில் ‘இதர விஷயங்கள்’. என் கடிதம் அந்த ‘இதர’வில்தான் வரும். அதற்குள் மணி ஒன்றரை ஆகியிருக்கும், எல்லோருக்கும் பசி வந்திருக்கும். முந்தைய கமிட்டிக்கு இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். ஒன்றுக்கு ‘பரிசீலிக்கப்படும்’ என்று பதில் வந்தது, இன்னொன்றுக்கு அதுவும் இல்லை. அதனால்தான் இந்தத் தடவை எல்லோரும் வாசிக்கிற மாதிரி எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேட்கப்போவது சின்னப் பொருள்தான். ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன் அன்று கால் கழுவும் ஆராதனைக்கென்று வாங்கி வைத்திருக்கிறோமே, அந்தப் பித்தளை பேசின். வருஷத்தில் ஒருநாள் வெளியே வருகிறது. மீதி 364 நாளும் கோயிலின் வெஸ்ட்ரி அறை அலமாரியில், வெல்வெட் துணியில் சுற்றிப் பூட்டியிருக்கிறது. அது எனக்கு வேண்டும்.

எதற்கு என்று சொல்கிறேன்.

இந்த வருஷம் பெரிய வியாழன் எப்படி நடந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பன்னிரண்டு பேர். இரண்டு வாரம் முன்னாலேயே பெயர் எழுதி எடுத்தாகிவிட்டது. அதில் இடம் பிடிக்க ஒரு சின்ன மனஸ்தாபம்கூட நடந்தது, அதை விடுங்கள். பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்பு போட்டு, நகம் வெட்டி, ஒருத்தர் பவுடர்கூடப் போட்டு வந்திருந்தார். ஐயர் குனிந்து தண்ணீர் ஊற்றித் துண்டால் துடைத்தார். பேசினில் விழுந்த தண்ணீரை ஆராதனை முடிந்து கோயில்பிள்ளை வேப்பமரத்து மூட்டில் கொட்டும்போது பார்த்தேன். குடிக்கலாம் போல அவ்வளவு சுத்தம்.

இதைக் கேலிக்குச் சொல்லவில்லை. அடையாளம் என்பது வேண்டியதுதான். ஆனால் அடையாளத்தின் மறுநுனியில் ஒரு நிஜம் இருக்க வேண்டும் அல்லவா? இயேசு சீஷர்களின் காலைக் கழுவிய அந்த மேல்வீட்டறையில் நீட்டப்பட்டவை பாலஸ்தீனத்துப் புழுதியில் நடந்து வந்த கால்கள். கழுவின தண்ணீர் கலங்கித்தான் இருந்திருக்கும். அந்தப் பன்னிரண்டில் யூதாஸின் காலும் உண்டு.

அதற்கு நாலு நாள் கழித்து, ஈஸ்டருக்கு மறுநாள், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவுக்குப் போனேன். அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், யாராவது கூப்பிட்டால் பை எடுத்துக்கொண்டு போவது வழக்கம். பீடி சுற்றுகிற ஒரு அம்மா. பதினாலு வருஷமாகச் சர்க்கரை. சுளகை மடியில் வைத்து, காலை மடக்கி உட்கார்ந்தால் ஆயிரம் பீடி முடியும்வரை எழுந்திருக்க மாட்டார். இடது உள்ளங்காலில், கட்டைவிரல் மூட்டுக்குக் கீழே, ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண். எப்படி வந்தது தெரியுமா? செருப்புக்குள் ஒரு புளியங்கொட்டை கிடந்திருக்கிறது. அதோடேயே பீடிக்கடைக்குப் போய், இலையும் தூளும் வாங்கி, திரும்பி வந்திருக்கிறார். ராத்திரி செருப்பைக் கழற்றும்போதுதான் கொட்டை கீழே விழுந்தது. கால் ஒன்றும் சொல்லவில்லை. மரத்துப்போன கால் எதைச் சொல்லும்? அதன்மேல் காப்பித்தூளை அப்பி, பழைய சேலைக் கிழிசலால் கட்டி, மூன்று வாரம் ஓட்டியிருக்கிறார்.

கட்டை அவிழ்க்கப் போனேன். காலை இழுத்துக்கொண்டார்.

“தொடாதீய சிஸ்டர், நாத்தம் அடிக்கும். ஒங்களுக்கு என்ன தலையெழுத்தா?”

பேதுரு காலை இழுத்துக்கொண்டதை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன்! தாழ்மை என்றார்கள், பிடிவாதம் என்றார்கள். அந்த அம்மா முகத்தைப் பார்த்தபோது எனக்கு வேறு மாதிரி பட்டது. அது வெட்கம். நம்மைவிட மேலே இருப்பவர் என்று நாம் நினைக்கிற ஒருவர் நம் அழுக்கருகில் குனியும்போது வருகிற கூச்சம். அந்தக் கூச்சம் இல்லாத கால் கழுவுதல் எந்த வகையோ, எனக்குத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட புண்ணைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது. ஸ்டெரைல் சலைனை, அதாவது கிருமி நீக்கிய உப்புநீரை, மேலிருந்து ஊற்றிக் கழுவ வேண்டும். கீழே ஏந்துவதற்கு அகலமான, விளிம்பு உயர்ந்த பாத்திரம் வேண்டும். அந்த வீட்டில் இருந்தது ஒரு சோத்துப்பானையும் கீறல் விட்ட பிளாஸ்டிக் வாளியும். வாளியில்தான் ஏந்தினேன். ஒழுகி, பீடி இலை வைத்திருந்த சாக்குப் பக்கம் ஓடியது. அப்போதுதான் வெஸ்ட்ரி அலமாரி ஞாபகம் வந்தது.

பிளாஸ்டிக் பேசின் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அதை வாங்கித் தருகிறோம் சிஸ்டர் என்று பொருளாளர் தம்பி சொல்வார். நல்ல மனசு, தெரியும். எனக்கு அது வேண்டாம். எனக்கு வேண்டியது அந்த பேசினேதான். உள்ளே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போட்டுக்கொள்வேன், ஒவ்வொரு தடவையும் சோப்பும் கொதிநீரும் ஊற்றிக் கழுவிக் காயவைப்பேன், அடுத்த பெரிய வியாழனுக்குப் புளி போட்டுத் துலக்கி, பளபளவென்று திருப்பிக் கொண்டுவருவேன். அன்றைக்கு ஐயர் அதில் தண்ணீர் ஊற்றும்போது அது எங்கெல்லாம் போய் வந்தது என்று சபைக்குத் தெரிந்திருக்கும்.

இனி, கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டிய ஒன்று.

‘ஊழியம்’ என்ற சொல்லை நாம் என்ன செய்துவிட்டோம் என்று பாருங்கள். என் அம்மா வழி தென் திருவிதாங்கூர். அந்தப் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஊழியம் என்றால் கூலியில்லா வேலை. சர்க்காருக்கும் மேல்சாதிக்காரருக்கும் ஓலை சுமப்பது, சாமான் சுமப்பது. கூப்பிட்டால் போக வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. நாடாரும் பறையரும் புலையரும் முதுகு உடைந்த வார்த்தை அது. ஞாயிற்றுக்கிழமையாவது எங்களை ஊழியத்துக்கு இழுக்காதீர்கள் என்று புதுக் கிறிஸ்தவர்கள் கெஞ்சியிருக்கிறார்கள். அந்தச் சொல்லைத்தான் வேதத்தைத் தமிழாக்கியவர்கள் இயேசுவின் வாயில் வைத்தார்கள். ஊழியங்கொள்ள அல்ல, ஊழியஞ்செய்ய வந்தேன் என்று மாற்கு பத்தாம் அதிகாரத்தில் அவர் சொல்லும்போது, அன்றைக்குக் கேட்ட நம் பூட்டன்மாருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். தேவனுடைய குமாரன் நம் சுமட்டுத் தலைப்பாகையை எடுத்துத் தன் தலையில் கட்டுகிறாரா என்று.

இன்றைக்கு ஊழியம் என்றால் மைக். ஊழியக்காரர் என்றால் அவருக்குப் பொன்னாடை, முன்வரிசை நாற்காலி, போஸ்டரில் படம். ‘ஊழியத்துக்காக ஜெபியுங்கள்’ என்றால் கன்வென்ஷன் செலவுக்கு ஜெபியுங்கள் என்று பொருள். படுத்த படுக்கையான தகப்பனுக்கு ஒன்பது வருஷம் மலம் அள்ளிய நம் கடைசித்தெரு மகளை யாராவது ஒருநாள் ஊழியக்காரி என்று சொன்னோமா? அவள் கல்யாணமாகாதவள் என்று மட்டும்தான் சொன்னோம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குறிக்கோள் வாசகம் ‘ஊழியங்கொள்ள அல்ல, ஊழியஞ்செய்ய’ என்ற அதே வசனம்தான். 1900-ல் மிஷனெரி டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா அங்கே தொடங்கியது ஒற்றைக் கட்டில் போட்ட வைத்தியசாலை. 1909-ல் நர்சிங் பள்ளி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இதெல்லாம் ஆண்டுவிழாப் பேச்சில் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு. அந்த அம்மா கட்டிடத்துக்குள் உட்கார்ந்து நோயாளி வரட்டும் என்று இருக்கவில்லை. வேலூரைச் சுற்றிச் சாலையோரத்து மரத்தடியில், குறித்த கிழமையில் வண்டி வந்து நிற்கும். இந்த மரம் என்றால் இந்த நாள் என்று ஊர்க்காரருக்குத் தெரியும். குறித்த நாளில் குறித்த இடத்தில் வந்து நிற்பதுதான் பாதி வைத்தியம் என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

அதே வேலூருக்கு 1946-ல் வந்தார் டாக்டர் பால் பிராண்ட். பிறந்தது நம் கொல்லிமலையில், 1914-ல். குஷ்டரோகிகளின் விரல் அழுகி விழுகிறது என்றுதான் உலகம் அதுவரை நினைத்திருந்தது. அவர் கூர்ந்து பார்த்துச் சொன்னார்: விரல் தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் காயம்பட்டுப் பட்டுத் தேய்கிறது. சிலருக்கு ராத்திரியோடு ராத்திரியாக விரலில் சதை காணாமல்போனது எப்படி என்று காவல் இருந்து பார்த்தால், தூக்கத்தில் எலி கடித்திருக்கிறது. அவர்களுக்குத் தெரியவேயில்லை. அப்புறம் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் வைத்தியம் அதுதான். காலுக்கு எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பு வந்தது. இன்றைக்குச் சர்க்கரைக்காரர்களுக்கு எழுதிக்கொடுக்கிற மெத்துச் செருப்பு அந்த வழியில் வந்ததுதான். பீடி சுற்றுகிற அந்த அம்மாவின் காலைப் பார்த்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான். வலி ஒரு வரம் என்று ஆயுசு முழுக்கச் சொன்ன மனுஷன். ஒரு சபைக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காயம் பட்டால் இந்தப் பக்கம் தெரிகிறதா?

தெரியவில்லை என்பதற்குச் சாட்சி, 2023 டிசம்பர். 17-ஆம் தேதி தொடங்கிய மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல். தாமிரபரணி எங்கே கரை, எங்கே வயல் என்று தெரியாமல் போன அந்த இரண்டு நாளில், ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோனது. சுமார் 800 பயணிகள். பக்கத்துப் புதுக்குடி ஊரார், தங்கள் ஊரே தண்ணீரில் இருக்கும்போது, அம்மன் கோயிலில் வைத்துப் பொங்கி அவர்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். நம்மிடம் அண்டா இருந்தது, அசன அடுப்பு இருந்தது, ஐந்நூறு பேர் உட்காரும் மண்டபம் மேட்டில் இருந்தது. வாய்க்கால் தெருச் சனம் பிள்ளைகுட்டியோடு வந்து கேட்டில் நின்றது. சாவி யாரிடம் என்று தேடிக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று உங்களுக்குத் தெரியும். நான் எழுதவில்லை. யார் மேலும் குற்றம் சாட்டவும் இல்லை. நானும் அன்று என் வீட்டு மாடியில்தான் இருந்தேன்.

மண்டபம் திறந்தபிறகு நம் பிள்ளைகள் ராப்பகலாக ஓடினார்கள், அதையும் சொல்ல வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில் பால் பாக்கெட் சுமந்த பயல்களில் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் வராமல் வெளியே பைக்கில் உட்கார்ந்திருப்பவர்கள். சீஷத்துவ வகுப்புக்கு அவர்கள் வருவதில்லை என்று நாம் வருத்தப்படுகிறோம். வகுப்பு எது என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் குழப்பம்.

பிள்ளைகளைச் சபையின் முழு அங்கத்தினராக்குகிற திடப்படுத்தல் வகுப்பைப் பற்றி. பத்துக் கற்பனை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், கேள்வி பதில் எல்லாம் மனப்பாடம் ஆகிறது. பேராயர் வந்து தலையில் கைவைக்கிறார். வெள்ளைச் சட்டை, பிரியாணி, குரூப் போட்டோ. வேண்டியதுதான், நானும் அப்படித்தான் திடம்பெற்றேன். ஆனால் இயேசு ‘என் பின்னே வா’ என்று சொன்னபோது அவர் நடந்துகொண்டிருந்தார். உட்கார்ந்திருக்கிறவரைப் பின்பற்ற முடியாது. போன வருஷம் ஐயரிடம் கேட்டு, வகுப்புப் பிள்ளைகளில் இரண்டு பேரைச் சனிக்கிழமை என்னோடு அழைத்துப்போனேன். ஒரு பையன், ஒரு பெண். முதல் வீட்டில் முதுகுப் புண் கட்டவிழ்த்ததும் பையன் வெளியே ஓடி வாந்தி எடுத்தான். இனி வரமாட்டான் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை மூக்கில் கைக்குட்டை கட்டி வந்து நின்றான். மூன்றாவது வாரம் கைக்குட்டை இல்லை. நாலாவது வாரம் அந்தத் தாத்தாவிடம் கிரிக்கெட் ஸ்கோர் சொல்லிக்கொண்டிருந்தான். தாத்தாவுக்கு அந்த ஐந்து நிமிஷம்தான் மருந்து. பிள்ளைகள் எல்லோருக்கும் இதை வையுங்கள். நாலு சனிக்கிழமை போதும்.

படுக்கைப் புண் என்பது இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை புரட்டிப் படுக்கவைத்தால் பெரும்பாலும் வராது. அவ்வளவுதான் ரகசியம். ஆனால் வீட்டில் ஒரே ஆள், அவரும் நூறு நாள் வேலைக்குப் போனால் யார் புரட்டுவது? பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நாம் அறுபது பேர் இருக்கிறோம். ஆளுக்கு ஒரு மணி நேரம் பகிர்ந்தால் ஒரு தெரு படுக்கைக்காரர்களைப் பார்த்துக்கொள்ளலாம். மாத்திரை கொடுக்கவும், பிரஷர் பார்க்கவும் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் வீட்டுக்கே வருகிறது. அந்தத் தங்கச்சிமார் ஓடுகிற ஓட்டத்தை நான் பார்க்கிறேன். அவர்களோடு போட்டி போட வேண்டாம். அவர்கள் வந்துபோன பிறகு மீதி இருக்கிற இருபத்துமூன்றரை மணி நேரத்தைத்தான் நான் கேட்கிறேன்.

பிடி அரிசியையும் சொல்லிவிடுகிறேன். என் பாட்டி உலையில் அரிசி போடுமுன் ஒரு கை அள்ளி ஓலைக் கொட்டானில் போடுவார். கையை இறுக்கி மூடினால் அரிசி குறையும் என்று விரலை விரித்து அள்ளுவார், அதை நான் கவனித்திருக்கிறேன். பஞ்சத்து நாளிலும் அந்தக் கொட்டான் காலியாக இருந்ததில்லை என்பார். அந்த அரிசியில் உபதேசியார் சாப்பிட்டார், விதவைகள் சாப்பிட்டார்கள். இன்று அது கவரில் பணமாக வருகிறது, ‘பிடி அரிசிக் காணிக்கை’ என்று கணக்கில் ஒரு வரி. பொதுக்கணக்கில் சேர்ந்து பெயின்ட் ஆகிறது, டியூப்லைட் ஆகிறது. திரும்ப அரிசியாக்குங்கள் என்று சொல்கிறேன். ரேஷனில் அரிசி கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது. அடுப்பு மூட்டி அதைப் பொங்கிக்கொடுக்க ஆளில்லாத முதியவர்கள் நம் சபையில் ஒன்பது வீடு, வாய்க்கால் தெருவில் ஆறு வீடு. பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்கிறார்கள், மாதம் பணம் வருகிறது, சோறு வருவதில்லை. பதினைந்து சாப்பாடு. அசனத்துக்கு ஆயிரம் பேருக்குக் கத்தரிக்காய் போட்டு ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கவைக்கிற கைகள் நமக்குப் பதினைந்து பெரிய கணக்கா?

‘வாய்க்கால் தெரு நம்ம சபை இல்லையே’ என்று கூட்டத்தில் ஒருவர் சொல்வார். போன தடவையும் சொன்னார்கள். சபை இல்லை என்பதற்கு நிஜப் பொருள் நம்ம சாதி இல்லை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும், எழுதி நீட்ட வேண்டாம். நம் மண்ணில் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கினவர்களில் ஒருவர். நம் சனங்களின் காசிலேயே தெலுங்குச் சீமை தோர்ணக்கலுக்கு ஆள் அனுப்பினார்கள். பிறகு அவரே அங்கே போய், 1912-ல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். அந்தச் சங்கத்துக்கு இன்றும் நாம் தாராளமாகக் கொடுக்கிறோம். ஆயிரம் கிலோமீட்டர் தூரத்துக்கு மிஷனெரி அனுப்புகிற சபைக்கு வாய்க்காலைத் தாண்ட ஒரு பலகை போடத் தெரியவில்லை. அதே அசரியா 1910-ல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகளைப் பார்த்துச் சொன்னார்: ஏழைகளுக்கு உணவளித்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். வாய்க்கால் தெரு நம்மிடம் அதையேதான் கேட்கிறது. வருஷத்துக்கு ஒருதடவை கிறிஸ்துமஸ் சேலையை வரிசையில் நிற்கவைத்துக் கொடுக்கிறோமே, அதை அவர்கள் கேட்கவில்லை.

இன்னொரு பக்கத்திலிருந்து வேறொரு பேச்சு வரும். போகிற வீட்டில் சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கலாமே சிஸ்டர் என்று. நான் கொடுப்பதில்லை. கேட்டால் ஜெபிப்பேன். பீடி சுற்றுகிற அம்மா மூன்றாவது வாரம் கேட்டார், ஜெபித்தேன். அடுத்த வீட்டுக்காரர் கேட்கவில்லை, ஜெபிக்கவில்லை, புண்ணை ஒரே மாதிரிதான் கட்டினேன். நோயைத் தூண்டிலாக்கினால் மீனுக்கும் தெரிந்துவிடும். பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன்தான் திரும்பி வந்தான். ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டாரே தவிர, அவர்களுடைய சுகத்தைத் திரும்ப வாங்கவில்லை. திரும்பி வந்த அந்த ஒருவனும் சமாரியன், ‘நம்ம சபை இல்லை’.

படம் எடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். புண்ணோடு ஒரு கிழவியை வைத்து, பக்கத்தில் நாம் சிரித்துக்கொண்டு நின்று, வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, கீழே நாற்பது ‘ஆமென்’ வாங்க வேண்டாம். அவர்களுக்கும் மானம் உண்டு.

கோபுரத்தை நான் எதிர்க்கவில்லை. என் அப்பா பனையேறிச் சம்பாதித்த காசு அந்தச் சுவரில் இருக்கிறது. மெஞ்ஞானபுரம் தேவாலயக் கோபுரம் 192 அடி, தூரத்திலிருந்து பார்க்கையில் எனக்கும் நெஞ்சு நிமிரும். ஆனால் அதைக் கட்டிய ஜான் தாமஸ் ஐயர் அந்தத் தேரிக்காட்டு மணலில் கிணறும் வெட்டினார், தோப்பும் வைத்தார். கோபுரத்தைப் பார்த்து நடந்து வந்தவனுக்குத் தண்ணீர் இருந்தது. உங்கள் கோபுரத் திட்டத்தில் நூறில் பத்தைக் கிணற்றுக்கு ஒதுக்கச் சொல்லி நான் கணக்குப் பேசவில்லை. அதை நீங்கள் ஜெபித்து முடிவு செய்யுங்கள். உங்களில் பலர் நல்ல விவசாயிகள், வியாபாரிகள், வாத்தியார்மார். எதற்கு எவ்வளவு என்று என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆக, நான் கேட்பவை: சனிக்கிழமைக்கு வகுப்புப் பிள்ளைகள், வாரநாளில் பெண்கள் சங்கத்தின் மணி நேரங்கள், பிடி அரிசி அரிசியாகவே, மழைக்காலத்தில் மண்டபச் சாவி மூன்று பேரிடம். இவற்றில் எதற்கும் உடனே ‘சரி’ சொல்ல முடியாவிட்டால் பரவாயில்லை, விவாதியுங்கள், சண்டைகூடப் போடுங்கள். நமக்கு அது புதிதில்லை.

பேசினுக்கு மட்டும் விவாதம் வேண்டாம். பீடி சுற்றுகிற அம்மாவின் புண் இப்போது பட்டாணி அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. புதுத் தோல் ரோஸ் நிறத்தில் ஓரத்திலிருந்து வருகிறது. செருப்பைத் தட்டிப் பார்த்துத்தான் காலை விடுகிறார். கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைத் தினமும் பார்க்கப் பழகியிருக்கிறார். ஆனால் அதே தெருவில் இன்னும் இரண்டு கால்கள் இருக்கின்றன. ஒன்று கொத்தனாருடையது, குதிகால் வெடிப்பில் தொடங்கியிருக்கிறது. இன்னொன்றை இனிமேல்தான் அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

வெஸ்ட்ரி அலமாரிச் சாவி இப்போது கோயில்பிள்ளையிடம் இருக்கிறதா, புதுச் செயலாளரிடமா என்று மட்டும் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்ததும் சொல்லி அனுப்புங்கள். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன். வெல்வெட் துணியை அலமாரியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கடைசித்தெரு நர்ஸம்மா